நூற்றுப் பதினெட்டுப் பேர் பேசிய தெரு

“இது வகுப்பா, சந்தையா? அதை மட்டும் சொல்லுங்க டீச்சர், நான் போயிடறேன்.”

“வகுப்புதான் சார். பேச்சு வகுப்பு. பேசாம எப்படி நடத்தறது?”

“ஒருத்தர் ஒருத்தரா பேச வைங்க.”

“நூத்திப் பதினெட்டு பேர் இருக்காங்க. ஆளுக்கு ஒரு நிமிஷம்னாலும் ரெண்டு மணி நேரம் ஆகும். எனக்குக் கொடுத்திருக்கறது அம்பது நிமிஷம். நீங்கதானே கணக்கு சார், போட்டுப் பாருங்க.”

“போடத்தான் விட மாட்டேங்கறீங்களே. என் பசங்களுக்குக் கணக்கு வரல, உங்க மொழி வந்துடுச்சு. நேத்து ஒருத்தன் விடைத்தாள்ல ‘என் தங்கை ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள்’னு உங்க மொழியில எழுதி வெச்சிருக்கான்.”

“தப்பில்லாம எழுதியிருந்தானா?”

இந்தக் கேள்வியை டீச்சர் கேட்காமல் இருந்திருக்கலாம். கணக்கு ஆசிரியரின் காது மடல் சிவந்தது. நடைவழியின் இரண்டு பக்கமும் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. மணியடிக்கிறவர்கூட மணியடிக்க மறந்து நின்றுவிட்டதாகச் சொல்கிறார்கள். அன்றைக்கு ஐந்தாவது வகுப்பு எட்டு நிமிடம் தாமதமாகத் தொடங்கியது உண்மை.

அது ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரி. தையல், மின்வேலை, குழாய்வேலை, நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை என்று பலதும் கற்றுக்கொடுத்தார்கள். எதைக் கற்றாலும் வெளிநாடு போனால்தான் சோறு என்று ஆகிவிட்டதால், எல்லோருக்கும் ஓர் அயல்மொழிப் பாடத்தைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பாடத்தின் பெயரே ‘பேச்சு’. கட்டியதோடு சரி, ஆசிரியர் ஒருவர், கூடம் ஒன்று, மாணவர்கள் நூற்றுப் பதினெட்டு. அந்தக் கூடமும் முழுசாக இல்லை. நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு வைத்து அந்தப் பக்கத்தைக் கணக்குக்குக் கொடுத்திருந்தார்கள். தடுப்பு கூரையைத் தொடுவதற்கு ஒரு முழம் முன்பே நின்றுவிட்டது. அந்த ஒரு முழத்தின் வழியாகத்தான் இத்தனை சண்டையும்.

மேசைமேல் ஏறித் தடுப்புக்கு மேலே எட்டிப்பார்த்து ‘உஷ்’ என்று சொல்வது கணக்கு ஆசிரியரின் வழக்கம். மாணவர்கள் அவருக்கு உஷ் சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் அவர் வீட்டுத் தெருவரை போய்ச் சேர்ந்துவிட்டது. பால் போடுகிறவரே “உஷ் சார் வீட்டுக்கு ரெண்டு பாக்கெட்” என்கிறார்.

மொழி டீச்சருக்கு முப்பத்தேழு வயது. இது அவர் சொன்ன வயது. கூடப்பிறந்த அக்காவோடு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தார். ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. ஒவ்வொரு வருடமும் ஒரு கோப்பு மேலே போகும், ஒரு கையெழுத்து கீழே வரும், வேலை நீளும். அந்த வருடம் கோப்பு போகும்போது கல்லூரி முதல்வர் ஒரு புதுச் சங்கதியையும் சேர்த்து அனுப்பப்போகிறார் என்று பேச்சு அடிபட்டது. பேச்சுப் பாடத்தை இனிமேல் பதிவுசெய்த பாடங்களாகத் திரையில் ஓடவிடலாமா என்பதுதான் அது. ஓடவிட்டால் டீச்சர் எதற்கு.

முதல்வர் யாரையும் கோபித்துக்கொள்ளாத மனிதர். எதைச் சொன்னாலும் ‘ஆகட்டும்’ என்பார். அந்த ஆகட்டும் ஆகுமா ஆகாதா என்று தெரிய மூன்று மாதம் பிடிக்கும். சண்டைக்கு மறுநாள் இரண்டு பேரையும் எதிரே உட்காரவைத்துப் பேசினார்.

“சத்தம் இருக்கக் கூடாது. ஆனா பசங்க ஈடுபாட்டோட இருக்கணும். ரெண்டுக்கும் வழி வந்தாச்சு டீச்சர். போன்லயே ஒரு செயலி. நீங்க கேள்வி போடறீங்க, அவங்க விடையை அழுத்தறாங்க, திரையில சதவீதம் ஏறும். மேலிடத்துலயே அனுப்பியிருக்காங்க. எம்பதுக்கு மேல இருந்தாப் போதும்.”

“சார், பாடத்துக்குப் பேரு பேச்சு.”

“ஆகட்டும். பேசட்டும். விரலால பேசட்டும்.”

கூடவே ஒரு சுற்றறிக்கை வந்தது: ‘வகுப்பறைக்குள் ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் பேசுதல் கூடாது.’ உஷ் சார் அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாராம்.

சும்மா சொல்லக் கூடாது, செயலி நன்றாகத்தான் வேலை செய்தது. டீச்சர் திரையில் ஒரு கேள்வி போடுவார்: கடைக்காரரிடம் விலை கேட்க எது சரி? நான்கு விடைகள். நூற்றுப் பதினெட்டுக் கட்டைவிரல்கள் அசையும். பச்சைப் பட்டை ஏறும். தொண்ணூற்றேழு சதவீதம். கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். முதல்வர் நடைவழியில் போகும்போது ஜன்னலில் எட்டிப்பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்.

பத்தாவது நாள் டீச்சர் கடைசி வரிசையில் குழாய்வேலை படிக்கிற ஒருவனை எழுப்பினார்.

“எங்க, அதையே வாயால சொல்லு.”

அவன் போனைத் தூக்கிக் காட்டினான். “அழுத்திட்டேன் டீச்சர்.”

“அழுத்தினது தெரியுது. சொல்லு.”

“சரியாத்தானே டீச்சர் அழுத்தியிருக்கேன்?”

“கடைக்காரர்கிட்ட போயும் அழுத்துவியா?”

“அவர்கிட்ட பட்டன் இருந்தா அழுத்துவேன் டீச்சர்.”

வகுப்பு சிரித்தது. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ‘உஷ்’ வந்தது. டீச்சர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு மிச்ச நேரம் முழுவதும் பட்டையை ஏற்றிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மருந்துக்கடை மாடியில் நடந்ததும் ஊருக்குத் தெரியும். கீழே மருந்து வாங்க நிற்கிறவர்களுக்குக் காது இல்லையா என்ன.

“தொண்ணூத்தேழு வந்தா நல்லதுதானேடி. ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?”

“அக்கா, ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை வாயில வரல. அங்க போய் இறங்கினா பஸ் எங்க நிக்கும்னு கேக்கத் தெரியாது. நான் பொய்ச் சதவீதம் காய்ச்சிட்டிருக்கேன்.”

“காய்ச்சு. வேலை நிலைக்கும்ல. இல்லைன்னா அந்தக் கணக்கு வாத்தியாரையாவது கட்டிக்கோ, ரெண்டு பேருக்கும் சண்டை போடத் தோதா இருக்கும்.”

“எனக்குத் தலை வலிக்குது அக்கா.”

“கீழதான் மருந்துக்கடை.”

மறுநாள் இடைவேளையில்தான் டீச்சர் அதைக் கவனித்தார். அழுத்திட்டேன் டீச்சர் என்ற அதே குழாய்க்காரன், அந்த மொழியில் வாயைத் திறக்க வைக்க டீச்சர் ஆறு மாதமாகப் பாடுபட்டும் வழிக்கு வராதவன், சைக்கிள் நிறுத்தத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தபடி யாரிடமோ தமிழில் கொட்டிக்கொண்டிருந்தான். கையை ஆட்டினான். சிரித்தான். ஒரு கல்லை எத்தினான், அதைத் தேடிப்போய் மறுபடியும் எத்தினான். டீச்சர் சுற்றிப் பார்த்தார். படிக்கட்டில் ஒருத்தி, தண்ணீர்த்தொட்டி ஓரத்தில் ஒருவன், மரத்தைச் சுற்றிச்சுற்றி வந்து ஒருத்தி. உட்காரவைத்தால் வாயில் பூட்டு, போனோடு நடக்கவிட்டால் வானொலி நிலையம்.

சுற்றறிக்கையை இன்னொருமுறை படித்தார். ‘வகுப்பறைக்குள்’ என்றுதான் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை நான்கு மணிக்கு நூற்றுப் பதினெட்டுப் பேரையும் வெளியே அனுப்பிவிட்டார். ஐம்பத்தொன்பது ஜோடி. யாரோடு யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார். ஒரு ஜோடியில் ஒருவர் தெருவின் இந்த முனைக்கும் இன்னொருவர் அந்த முனைக்கும் போக வேண்டும். ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. போன் போட்டு, அந்த மொழியில் மட்டும், பதினைந்து நிமிடம் பேச வேண்டும். கண்ணில் படுகிறதைச் சொல்ல வேண்டும், எதிராளி அதைப் பற்றிக் கேட்க வேண்டும். தினம் எட்டு ஜோடிகள் ஒன்றன்பின் ஒன்றாக டீச்சரையும் மூன்றாவது ஆளாக அழைப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் காலிக் கூடத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்து கேட்பார், திருத்துவார். உஷ் சார் தடுப்புக்கு மேலே எட்டிப்பார்த்தார். சொல்வதற்கு எதுவும் கிடைக்காமல் தலையை இறக்கிக்கொண்டார்.

தேர்வு வரைக்கும் அந்த ஏழு வாரம் தெரு தெருவாகவா இருந்தது. நான்கு மணி ஆனால் பஸ் நிறுத்தம், தபால் நிலையம், சலவைக்கடை, பழக்கடை என்று எங்கே பார்த்தாலும் ஒரு ஆள் போனோடு நடந்துகொண்டிருப்பார். பழக்கடைக்காரர் முதலில் பயந்தார். என் கடையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சண்டைக்குப் போனார். உண்மையிலேயே அவர் கடையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். வேறு எதைப் பேசுவார்கள், எதிரே இருந்தது அதுதான். மூன்றாவது வாரம் அவரே ‘வாழைப்பழம் அழுகிவிட்டது’ என்பதை அந்த மொழியில் சொல்லக் கற்றுக்கொண்டு எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தார். வியாபாரம் கொஞ்சம் படுத்தது.

இதற்கிடையில் செயலியில் பட்டை விழுந்துவிட்டது. தெருவில் நடக்கிறவன் பட்டனை எங்கே அழுத்துவான். முதல்வர் கூப்பிட்டார்.

“நாலு சதவீதம், டீச்சர். போன மாசம் தொண்ணூத்தேழு.”

“சார், இப்பதான் பேசறாங்க. பேச்சுத் தேர்வுக்கு வெளியில இருந்து ஆள் வருவாங்க இல்லையா? அன்னைக்குப் பாருங்க. பாதிப் பேர் தேறலைன்னா நானே போயிடறேன். தேறினா என் கோப்பை அனுப்புங்க.”

“கோப்புல இந்த நம்பரைக் கேப்பாங்களே.”

“அதுக்குப் பக்கத்துல தேர்வு நம்பரை எழுதுங்க.”

“ஆகட்டும்,” என்றார் முதல்வர்.

டீச்சர் அந்த ஆகட்டும் என்பதை நம்பினார். ஆறு வருடம் அங்கே வேலை பார்த்தவர் நம்பியிருக்கக் கூடாது. நம்பினார்.

ஐந்தாவது வாரம் தையல்காரர் வந்தார். மனைவி இறந்துபோய் ஒன்பது வருடமாக ஒற்றை மகளை வளர்த்தவர். கழுத்தில் அளவுநாடாவோடு, விரலில் ஊசி குத்தாமலிருக்க மாட்டும் உறையோடு அப்படியே எழுந்து வந்திருந்தார்.

“டீச்சரம்மா, படிப்புன்னு சொல்லி என் பொண்ணு தினமும் பஸ் நிறுத்தத்துல நின்னு யாரோடயோ சிரிச்சுச் சிரிச்சுப் பேசுது. என்ன பேசுதுன்னும் புரியல. அந்த ஆள் யாருன்னு எனக்கு இப்பத் தெரிஞ்சாகணும்.”

“வகுப்புல கூடப் படிக்கறவங்கதான்.”

“அதுதான் யாருங்கறேன். எந்தத் தெரு, எந்த வீடு?”

டீச்சர் பட்டியலைப் பார்த்து எழுதிக்கொடுத்தார். தெரு முழுவதும் வேலையை நிறுத்திவிட்டுத் தையல்காரர் பின்னால் கண்ணாலேயே போனது. அவர் போய் நின்ற இடம் சலவைக்கடை. உள்ளே இஸ்திரிப் பெட்டியோடு நின்றவர் நாற்பத்தாறு வயதுப் பெண்மணி. வெளிநாட்டில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போக வேண்டுமென்று அந்த வயதில் வந்து படித்துக்கொண்டிருந்தவர். அவர் வாய்க்கு ஓய்வு கொடுத்ததை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

“எம் பொண்ணுகிட்ட என்னம்மா பேசறே தினமும்?”

“உன்னைப் பத்தித்தான்யா. அப்பா தைக்கற சட்டையில காலர் எப்பவும் ஒரு பக்கம் கோணலா இருக்கும்னு அது சொல்லுது. நான் இங்க இஸ்திரி போடறப்ப அதையேதான் பாக்கறேன். பேசறதுக்கு விஷயம் வேணுமில்ல, பதினஞ்சு நிமிஷத்துக்கு.”

தெருவுக்குப் பெரிய ஏமாற்றம். தையல்காரர் அங்கேயே நின்று அரைமணி நேரம் காலரைப் பற்றி வாதாடினார். அடுத்த வாரமும் வந்து வாதாடினார்.

தேர்வு நாள் வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒல்லியான பெண்மணி, கழுத்தில் சங்கிலியோடு கண்ணாடி. கூடத்தின் நடுவில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஒவ்வொருவராக எதிரே உட்கார்ந்து நான்கு நிமிடம் பேச வேண்டும். டீச்சர் கதவோரம் நின்றார். தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது, ஆனால் புதுச் சேலை.

முதலில் தையல்காரர் மகள். வகுப்பிலேயே நன்றாகப் பேசுகிறவள். உட்கார்ந்தாள். தேர்வாளர் அந்த மொழியில் கேட்டார்: உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். அவள் தேர்வாளரின் கண்ணாடியைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். ‘வீடு,’ என்றாள். அதோடு நின்றது.

இரண்டாவது ஆள் பெயரைச் சொன்னான். மூன்றாவது ஆள் அதையும் சொல்லவில்லை. நான்கு, ஐந்து, ஆறு. குழாய்க்காரன் பழக்கதோஷத்தில் சட்டைப்பையைத் தடவி, போன் வெளியே வாங்கிவைக்கப்பட்டதை நினைத்து, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பதினொரு பேர் போய்விட்டார்கள். பதினொன்றும் பூஜ்யம்.

கதவோரத்தில் டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் இவர்கள் ஒரு முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை. எதிராளியைப் பார்க்கக் கூடாது என்று விதி போட்டதே அவர்தான். உட்கார்ந்தும் பேசியதில்லை. ஏழு வாரம் வேலை வாங்கி, கடைசியில் ஆளில்லாத இடத்தில் மட்டும் பேசுகிற நூற்றுப் பதினெட்டுப் பேரைத் தயார் செய்திருக்கிறார். நெற்றியைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

“மேடம், இவங்களை நின்னுட்டுப் பேச விட முடியுமா? கையில போன் இருந்தா…”

“போன் எதுக்குங்க? யாரைக் கேட்டு விடை சொல்லப்போறாங்க?”

“யாரையும் கேக்க மாட்டாங்க. அணைச்சே வெச்சிருக்கட்டும். சும்மா காதுல வெச்சிட்டு நடப்பாங்க.”

“எங்க நடப்பாங்க?”

“இங்கதான், முன்னாலயும் பின்னாலயும்.”

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டீச்சரைப் பார்த்தார். “நாலு வருஷமா இந்த வேலை பாக்கறேன். இப்படி ஒரு வேண்டுகோளை நான் கேட்டதில்ல. உட்காருங்க. அடுத்தவங்க வரட்டும்.”

அடுத்தவர் சலவைக்கடைப் பெண்மணி. அவரும் உட்கார்ந்தார். அவருக்கும் வாய் திறக்கவில்லை. தெருவில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அரைநிமிடம் முழித்தார். பிறகு எழுந்தார். தேர்வாளருக்கு முதுகைக் காட்டினார், வெறுங்கையைக் காதில் வைத்துக்கொண்டார், பெஞ்சுகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தார். அந்த மொழியில் ‘ஹலோ, கேக்குதா?’ என்றார்.

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். மெதுவாக, “கேக்குது,” என்று அதே மொழியில் சொன்னார்.

அவ்வளவுதான். இஸ்திரிப் பெட்டி, கோணல் காலர், வாடகைக்கு வந்திருக்கிற புதுக் குடித்தனம், அழுகின வாழைப்பழம் என்று நான்கு நிமிடமும் நடந்தபடி கொட்டினார். நிறுத்தச் சொன்ன பிறகும் ஒரு நிமிடம் பேசினார். தேர்வாளர் மதிப்பெண் போட்டுவிட்டு, “மத்தவங்களும் அப்படியே வரட்டும்,” என்றார். வெளியே இருந்தவர்களுக்குச் சேதி போனது. அதற்குப் பிறகு கூடத்தில் ஒவ்வொருவராகக் கையைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். முதல் பதினொரு பேருக்கு மட்டும் மறுவாய்ப்பு கிடையாது என்று தேர்வாளர் கறாராகச் சொல்லிவிட்டார். டீச்சர் இரண்டுமுறை கெஞ்சிப் பார்த்தார். தையல்காரர் மகள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

எண்பத்து மூன்று பேர் தேறினார்கள். டீச்சர் சொன்னது பாதி, இது பாதிக்கு மேலேயே எவ்வளவோ. டீச்சர் மறுநாள் முடிவுத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக முதல்வர் அறைக்குப் போனார்.

“ரொம்ப சந்தோஷம் டீச்சர். எதிர்பார்க்கவே இல்ல.”

“கோப்பு அனுப்பறீங்களா சார்?”

“கோப்பு போன வாரமே போயிடுச்சே.”

“தேர்வு நேத்துதானே சார் முடிஞ்சுது?”

“படிவத்துல தேர்வுக்குக் கட்டமே இல்ல டீச்சர். ஈடுபாடு எத்தனை சதவீதம்னு ஒரே ஒரு கட்டம்தான். இருந்ததை எழுதினேன். பொய் எழுத முடியுமா?”

“பக்கத்துல எழுதறேன்னு சொன்னீங்க.”

“ஆகட்டும்னேன். பக்கத்துல இடம் இல்ல.”

டீச்சர் கையிலிருந்த தாளை என்ன செய்வதென்று தெரியாமல் நான்காக மடித்தார், பிறகு எட்டாக மடித்தார். “நாலு சதவீதம் ஈடுபாட்டுல எம்பத்தி மூணு பேர் எப்படித் தேறினாங்கன்னு மேல யாராவது கேப்பாங்களா சார்?” என்று கேட்டார். முதல்வர் யோசித்துப் பார்த்து, கேட்க மாட்டார்கள் என்றார்.

வெளியே வந்தபோது நடைவழியில் உஷ் சார் நின்றிருந்தார். கதவு மூடியிருந்தாலும் அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது.

“மேல எழுதிப் போடுங்க டீச்சர். நான் கையெழுத்துப் போடறேன்.”

“எந்தக் கட்டத்துல சார்?” என்றார் டீச்சர். சொல்லிவிட்டு நடந்தார்.

அடுத்த பருவத்தில் திரையில் பதிவுப் பாடம் ஓடியது. அதில் ஒரு அழகான பெண் சிரித்துக்கொண்டே பேசுகிறாள், புது மாணவர்கள் நூற்று இருபத்தாறு பேர் அழுத்துகிறார்கள். தொண்ணூற்றெட்டு சதவீதம். முதல்வருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்து, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியாகிவிட்டது.

உஷ் சாருக்கு அடுத்த வருடமே கல்யாணம் ஆனது. பெண் நூலகத்தில் வேலை பார்க்கிறவர். அமைதியான ஜோடி என்று எல்லோரும் வாழ்த்தினார்கள். பக்கத்து வீட்டில் குடியிருக்கிறவர்கள் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். குழாய்க்காரன் வெளிநாடு போய்விட்டான். அங்கே ஒரு கட்டடக் கம்பெனியில் மேஸ்திரியாகி, வேலையாட்களைப் போனிலேயே மேய்க்கிறானாம். தையல்காரர் மகள் மறுதேர்வு எழுதித் தேறி, ஒரு கப்பல் அலுவலகத்தில் தொலைபேசி மேசையில் சேர்ந்துவிட்டாள். அவளும் ஊரில் இல்லை.

சலவைக்கடைப் பெண்மணிதான் போகவில்லை. பயணச்சீட்டு வந்து, பெட்டி கட்டி, கடைசி நாள் காலர் விஷயமாக ஏதோ சொல்லப் போனவர் தையல்காரரையே கட்டிக்கொண்டார். மகள் அங்கிருந்து போனில் வாழ்த்துச் சொன்னாள். நாற்பத்தாறில் இதெல்லாம் தேவையா என்று தெரு ஒரு வாரம் கேட்டது, பிறகு துணி தைக்கவும் தேய்க்கவும் அங்கேயே போய் நின்றது.

டீச்சர் ரயிலில் ஒரு பகல் தூரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே ஒன்பது நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார், ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து. கல்யாணம் ஆனதா என்று அக்காவிடம் கேட்டால், “உங்களுக்கு எதுக்கு அது?” என்கிறார். அப்படியானால் ஆகவில்லை என்றுதான் அர்த்தம். ஆறு மாதத்தில் அக்காவும் மாடியைக் காலி செய்துகொண்டு தங்கையிடமே போய்விட்டார். அங்கே இப்போது ஒரு பல் டாக்டர் குடியிருக்கிறார்.